அம்மணி கேட்காத பாதை

எங்கள் ஊராட்சித் தலைவர் அம்மணியிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் திட்டம் வந்தாலும் காலனிக்குக் கடைசியில்தான் கொடுப்பார். தெருவிளக்கு வந்தால் முதலில் ஊர்த்தெரு, பிறகு பள்ளிக்கூடத் தெரு, பிறகு ஏரிப்பக்கத்து மோட்டார் கொட்டகைகள். மீதி இருந்தால் காலனி. சிமெண்ட் சாலைக்கும் அதே வரிசை, குடிநீர்க் குழாய்க்கும் அதே வரிசை. அவர் வாழ்க்கைப்பட்டு வந்தது காலனிக்கு, குடியிருப்பது காலனியில், விழுந்த ஓட்டில் பாதி காலனி ஓட்டு. வேறு யாராவது இப்படி நடந்துகொண்டால் பெரிய மனசு என்று சொல்லியிருப்பேன். அம்மணி செய்யும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

நான் வீரசேனன், ஒலக்கூர் பக்கம் கீழ்ச்சேவனூர் ஊராட்சியின் செயலர். பக்கத்து ஊர் நயினார் குடும்பம், சமணர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம் என்பதால், எந்தக் கூட்டமானாலும் வெளிச்சம் இருக்கும்போதே முடித்து என்னை அனுப்பிவிடுவார். "நயினாரு சாப்புடணும், ஜல்தியா பேசுங்கப்பா" என்று உறுப்பினர்களை விரட்டுவார். வீட்டுக்குப் போனால் எனக்கென்று தனியாக ஒரு டம்ளரைக் கழுவி மோர் கொடுப்பார். அவர் மேல் எனக்கு இருக்கிற மரியாதையைச் சொல்லிவிட்டேன். இனி நான் கொஞ்சம் குறை சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தொண்ணூற்றாறில் அவர் வார்டு உறுப்பினர் ஆனார். நானும் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். உண்மையில் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டவர் அவர் கணவர் அந்தோணிசாமி. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்றதும் மனைவி பெயரில் மனுத் தாக்கல் செய்தார். ஜெயித்ததும் முதல் கூட்டத்துக்குக் கூடவே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அம்மணி சுவரோரம் நின்றார். இரண்டாம் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, "நீ இருந்து மாட்டப் பாரு, நான் போய்க்கினு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்தார். அந்தோணிசாமி கோபித்துக்கொள்ளவில்லை. "என் பதவியப் புடுங்கிட்டாப்பா" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நல்ல மனிதர்.

பத்து வருஷம் உறுப்பினர். அப்புறம் தலைவர் பதவி சுழற்சியில் ஆதிதிராவிடப் பெண்களுக்கு வந்தது. கணவர் வீடு கிறிஸ்தவக் குடும்பம் என்றாலும் அம்மணி சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர்தான். இரண்டு முறை தொடர்ந்து தலைவரானார். பிறகு தேர்தலே நடக்காமல் போன வருஷங்கள். தனி அலுவலர் என்று ஒருவர் ஒலக்கூரில் உட்கார்ந்திருந்தார். அவரை ஜனங்கள் தேடவில்லை. ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் அம்மணி வீட்டு வாசலில்தான் நின்றார்கள். பதவி இல்லாமலே திண்டிவனம் தாலுகா ஆபீசுக்கும் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கும் பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தார். மறுபடி தேர்தல் வந்ததும் மறுபடி தலைவர். இந்த முறையோடு சுழற்சி மாறுகிறது. அவருக்கும் அறுபது ஆகிறது. இனி நிற்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

ஏன் காலனியைக் கடைசியில் வைக்கிறீர்கள் என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

"காலனிக்காரி காலனிக்கே செஞ்சிக்கினான்னு ஒரு பேச்சு வந்துட்டா, அப்பால நம்ம பேச்சு எடுபடாது நயினாரே. நாம அவங்களுக்குச் செஞ்சிக்கினே இருக்கணும். ஒருநாளு அவங்களே வந்து, உங்களுக்கு இன்னா வேணும்னு கேப்பாங்க. அன்னிக்கு நான் சொல்வேன்."

அவருக்கு என்ன வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கல்லறைக்கு ஒரு பாதை.

காலனி ஊருக்குத் தெற்கே இருக்கிறது. காலனிக்காரர்களின் கல்லறை வடக்கே, ஏரிக்கரை ஓரத்தில். நடுவில் ஊர்த்தெரு. தெருவைத் தாண்டினால் கோதண்டபாணியின் நிலம், நிலத்தைத் தாண்டினால் கல்லறை. காலனியில் சாவு விழுந்தால் ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோகிற வழக்கம் கிடையாது. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறிப் பார்த்ததும் இல்லை. கிழக்கே திரும்பி, வாய்க்கால் கரையில் ஊரைச் சுற்றிப் போய், கோதண்டபாணி நிலத்தில் இறங்கி நடப்பார்கள். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போட்டிருந்தால் பரவாயில்லை, கால் வைக்க இடமிருக்கும். நெல் போட்டிருந்தால் சேற்றில் சுமக்க வேண்டும். அந்த நிலத்தின் ஓரமாக ஒரு வண்டி அகலத்துக்கு வழி விட்டால் போதும். அதைத்தான் அம்மணி முப்பது வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்தார்.

கோதண்டபாணி கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. நான்கு முறை உறுப்பினர், இப்போது துணைத் தலைவர். ஆரம்பத்தில் "இன்னா அம்மணி" என்றவர், பிறகு "தலைவரே" என்று மாறினார். அறுவடை முடிந்ததும் காலனிக்கு ஒரு மூட்டை மல்லாட்டை அனுப்பி வைப்பார். அம்மணியும் விடவில்லை. கோதண்டபாணியின் மோட்டார் கொட்டகை வரைக்கும் சிமெண்ட் சாலை போட்டுக் கொடுத்தார், அவர் நிலத்துப் பக்கத்திலேயே கதிரடிக்கும் களம் கட்டிக் கொடுத்தார். களத்தைத் திறந்து வைத்த அன்று, "இப்ப கேளுங்களேன்" என்று நான் காதில் சொன்னேன். "நல்லதா இருக்கும்போது போய் கேட்டா, இதுக்குத்தான் செஞ்சியான்னு ஆயிடும்" என்றார். சரி, நல்லதாக இல்லாதபோது கேட்கலாமே என்றால், அப்போது சண்டைக்கு வருவது மாதிரி ஆகிவிடுமாம். அவரிடம் வாதாடி ஜெயிக்க நமக்குத் திராணி கிடையாது.

காலனி வார்டு உறுப்பினர் சவுரியம்மாளுக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. அம்மணிக்கு ஒன்றுவிட்ட நாத்தனார் முறை. கூட்டத்துக்கு வந்தால் ஒன்று தூங்குவார், இல்லையென்றால் சண்டை போடுவார். "ஊருக்கெல்லாம் ரோடு போட்ட மவராசி, நாம செத்தா நம்மளத் தூக்கிக்கினு போவ வழியில்ல" என்று முகத்துக்கு நேராகவே சொல்வார். அம்மணி சிரித்து மழுப்புவார்.

ஃபெஞ்சல் புயல் அடித்து ஊரெல்லாம் தண்ணீர் நின்ற வாரத்தில் அந்தோணிசாமி இறந்தார். நெஞ்சுவலி, ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. மழைக்கு இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார்கள், விடவில்லை. மூன்றாம் நாள் எடுத்தார்கள். நானும் போயிருந்தேன். வாய்க்கால் கரை வரைக்கும் எப்படியோ வந்துவிட்டோம். நிலத்தில் இறங்கினால் இடுப்பளவு தண்ணீர், அடியில் நடவு முடிந்த சேறு. சுமந்தவர்களில் ஒருவருக்குக் கால் பள்ளத்தில் போய்விட்டது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீரில் முங்கி எழுந்தது. கரையில் நின்ற அம்மணி "அய்யோ, அவரு நனையறாரு" என்று கத்தினார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கோதண்டபாணி மாலையோடு வந்து குடை பிடித்தபடி வரப்பில் நின்றிருந்தார். "பயிரு போனாப் போவுது, வரப்ப சுத்தாம நேரா நடுவுல எறங்கிப் போங்கப்பா" என்று சத்தம் போட்டார். மனதாரத்தான் சொன்னார். அடக்கம் முடிந்து திரும்பும்போது அம்மணி அவர் முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டு, "ரொம்ப நன்றிங்க" என்றார்.

அதைப் பார்த்த சவுரியம்மாள் ஒரு மாசம் அம்மணியோடு பேசவில்லை. எனக்கும் பேசப் பிடிக்கவில்லை. ஆனால் சம்பளம் வாங்குகிறவன் பேசாமல் இருக்க முடியாதே.

அதற்கடுத்த வருஷம் கோதண்டபாணி நிலத்தை விற்றார். பிள்ளைகள் செங்கல்பட்டில் வேலையாக இருக்கிறார்கள், விவசாயம் பார்க்க ஆளில்லை. வாங்கியவர் ஜெகதீசன், திண்டிவனத்தில் மனை பிரித்து விற்கிறவர். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு ஸ்வீட் பாக்கெட். ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து மேஜை முழுக்க வரைபடத்தை விரித்தார். சின்னச் சின்னக் கட்டங்களாக மனைகள், நடுவில் பூங்கா, ஊர்த்தெருக் கோடியில் தொடங்கி வடக்கே ஓடும் ஒரு நீளமான சாலை. கல்லறைக்கு இரண்டு மனை முன்னாலேயே அந்தச் சாலை நின்றுபோயிருந்தது. நான்கு பக்கமும் காம்பவுண்டு சுவர்.

"செவுரு நல்லா ஒசரமா வந்துடும் மேடம். அந்தாண்ட இன்னா இருக்குதுன்னே தெரியாது" என்றார் ஜெகதீசன் பெருமையாக.

"அந்தாண்ட எங்க வூட்டுக்காரரு இருக்காரு" என்றார் அம்மணி.

ஜெகதீசன் ஸ்வீட் பாக்கெட்டைத் தள்ளி வைத்துவிட்டு வேறு பேச்சு பேசினார். நுழைவாயில் வளைவில் அம்மணி நகர் என்று பெரிய எழுத்தில் போடப்போவதாகச் சொன்னார். முப்பது வருஷம் ஊருக்கு உழைத்தவருக்கு இது கூடச் செய்யாவிட்டால் எப்படி என்றார். அம்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எம் பேருல நகரா? இதக் கேக்க அவரு இல்லாமப் போயிட்டாரே" என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜெகதீசன் இவ்வளவு குழைந்ததற்குக் காரணம் இருக்கிறது. மனைப்பிரிவில் போடுகிற சாலைகளை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஊராட்சி மன்றம் கூடி அதை ஏற்றுக்கொள்வதாகத் தீர்மானம் போட வேண்டும். அது இல்லாமல் அவர் ஒரு மனையைக்கூட விற்க முடியாது. அவர் போனதும் நான் இதை அம்மணிக்கு விளக்கினேன். சாலையைக் கல்லறை வரைக்கும் நீட்டினால்தான் ஏற்போம் என்று மன்றம் சொன்னால் அவருக்கு வேறு வழியில்லை. சொல்லாவிட்டால் சுவர் எழும்பிவிடும், சேற்றில் சுமந்து போன வழியும் போய்விடும்.

"அப்ப கேட்டுத்தான் ஆவணுமா?" என்றார் அம்மணி. பயந்த குரல். கலெக்டர் முன்னால் மேஜையைத் தட்டிப் பேசியவர் இந்த ஒரு விஷயத்துக்கு இப்படிப் பயந்தது எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊர்த்தெருச் சாக்கடையைத் தூர்வாரினார். கோதண்டபாணி வீட்டு முனையில் எரியாத விளக்கை மாற்றினார். வடக்கு வார்டு உறுப்பினர் வீட்டுப் பக்கம் கைப்பம்பைச் சரி செய்தார். போகிற வீட்டிலெல்லாம் டீ குடித்தார், பிள்ளைகள் படிப்பை விசாரித்தார். பாதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "என்னங்க இது, போகிற காலத்திலும் இப்படியா" என்று நான் வாய்விட்டே கத்திவிட்டேன். "சொம்மா இருங்க நயினாரே, பேஜாரு பண்ணாதீங்க" என்றார்.

கூட்டம் பிற்பகலில் நடந்தது. ஒன்பது உறுப்பினர்களும் வந்திருந்தார்கள், ஜெகதீசன் வெளியே காரில் காத்திருந்தார். டீ வந்தது. நான் பொருளை வாசித்தேன். எல்லோரும் தலையாட்டத் தயாராக இருந்தபோது அம்மணி எழுந்து நின்றார். தலைவர் எழுந்து நின்று பேசுகிற வழக்கம் இல்லை. முதல் கூட்டத்தில் சுவரோரம் நின்றதற்குப் பிறகு கூட்டத்தில் அவர் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"எனக்கு ஒண்ணு கேக்கணும்" என்றார். வரைபடத்தில் சாலை நின்றுபோன இடத்தில் விரலை வைத்தார். "அந்த ரோட்ட கல்லற வரைக்கும் வுடணும். ரெண்டு மனதான் போவும். எங்க சனங்க சேத்துல தூக்கிக்கினு போறத நீங்கள்லாம் பாத்திருக்கீங்க. எங்க வூட்டுக்காரரு எப்டிப் போனாருன்னும் பாத்தீங்க. வேற ஒண்ணும் நான் கேட்டதில்ல. இதக் குடுத்துடுங்க."

சவுரியம்மாள் அன்று தூங்கவில்லை. கோதண்டபாணி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதுக்கா தலைவரே எழுந்து நிக்கறீங்க? ஒக்காருங்க. ரெண்டு மனதான, வுட்டுக் குடுக்கச் சொல்லுவோம். ஜெகதீசன் இன்னா சொல்லிடப் போறாரு" என்றார். பிறகு கொஞ்சம் வருத்தத்தோடு, "மொதல்லயே கேட்டிருந்தா நானே வழி வுட்டிருப்பேனே. நீங்க ஒருநாளும் வாயத் தொறக்கல. ஒங்களுக்கு அதுல ஒண்ணும் கொற இல்லபோலன்னு இருந்துட்டேன்" என்றார்.

ஆமாம், ஆமாம் என்றார்கள் மற்றவர்கள். கை தூக்கினார்கள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஜெகதீசனைக் கூப்பிட்டுச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது, வரைபடத்தைப் பார்த்தார், கோதண்டபாணியைப் பார்த்தார், சரி என்றார்.

எல்லோரும் போன பிறகு அம்மணி நாற்காலியை விட்டு எழவில்லை. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அழுகிறார். நானும் சவுரியம்மாளும் மட்டும் இருந்தோம்.

"முன்னாடியே கேட்டிருந்தா குடுத்திருப்பாராமே, நயினாரே. நெசமாவா?" என்றார் அம்மணி. "அப்ப அவரத் தண்ணியில முக்கினது நான்தானா?"

நிலம் கையை விட்டுப் போன பிறகு கொடுப்பது சுலபம். நிலம் இருந்தபோது கொடுத்திருப்பாரா என்பது கோதண்டபாணிக்கே தெரிந்திருக்காது. அதைச் சொல்லி ஆறுதல்படுத்தப் பார்த்தேன்.

சவுரியம்மாள் குறுக்கே வந்தார். "குடுத்திருப்பாரோ இல்லியோ, அத வுடு. கேட்டிருந்தா இல்லன்னாவது சொல்லியிருப்பாருல்ல? இல்லன்னு சொன்னா சண்டையாவது போட்டிருப்போம். நீ அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டியே" என்றார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மணி முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் அழுது முடிக்கட்டும் என்று சவுரியம்மாள் மேஜைப் பக்கம் திரும்பி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கக் கொஞ்சம்தான் வரும். விரலை வைத்து, "இது கல்லறயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விரல் அப்படியே சாலை வழியே கீழே இறங்கி வந்தது.

"இது எங்க ஆரம்பிக்குது?"

"ஊர்த்தெருக் கோடியில" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்லறை வரைக்கும் சாலை கேட்டோம், கிடைத்தது. அந்தச் சாலையில் ஏற வேண்டுமென்றால் ஊர்த்தெருவில் நடக்க வேண்டும். வாய்க்கால் கரைப் பக்கம் சுவர் வந்துவிடும். முப்பது வருஷம் பாதையின் முடிவையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஆரம்பம் கண்ணில் படவில்லை. வரைபடம் படிக்கிற வேலை என்னுடையது. எனக்கும் படவில்லை. பிணம் ஊர்த்தெருவில் வராது என்பது எங்கள் எல்லோருக்குள்ளும் அவ்வளவு ஊறிப்போயிருந்தது.

மறுநாள் காலையிலேயே அம்மணி கோதண்டபாணி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். அம்மணி விஷயத்தைச் சொன்னார். இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை.

கோதண்டபாணி மீசையைத் தடவிக்கொண்டார். "தெரு வழியா மட்டும் வேணாம் தலைவரே" என்றார். "எனக்கு ஒண்ணும் இல்ல. மத்தவங்க இருக்காங்க, கோயிலு இருக்குது, பொம்பளப் புள்ளைங்க இருக்குது. ஏரிக்கரைய சுத்திக்கினு வந்து பின்பக்கமா போயிடுங்க. செவுத்துல ஒரு கேட்டு வெக்கச் சொல்றேன். ரோடுதான் குடுத்துட்டோமே."

"ஏரிக்கர சுத்துன்னா ரொம்ப தூரமாச்சே."

"வண்டி வெச்சிக்கலாம் தலைவரே. அதுக்கு இன்னா செய்யணுமோ செஞ்சிடலாம்."

"அப்ப தெரு வழியா முடியாதுன்றீங்க."

"முடியாதுன்னு நான் சொல்லல. வேணாம்னு சொல்றேன்."

அம்மணி மோரை முழுவதும் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, "சரிங்க" என்றார். நன்றி சொல்லவில்லை.

வெளியே வந்ததும் நான் நொந்துபோயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. முந்தின நாள் அழுத மனுஷி தெரு நடுவில் நிதானமாக நடந்து வந்தார். "முப்பது வருசத்துல இப்பத்தான் எனக்கு நெசமான பதிலு கெடச்சிருக்குது நயினாரே" என்றார். கொஞ்ச தூரம் போனதும் நின்று, காலால் சாலையைத் தட்டிப் பார்த்தார். "இது எந்த வருசம் போட்டது?"

"நீங்க தலைவரான மறு வருஷம். உங்க மொத தீர்மானம்" என்றேன்.

"ஊராட்சி ரோடுதான?"

"ஊராட்சி ரோடுதான்."

"அப்ப நான் எதுக்குக் காலைலயே போயி அவராண்ட நின்னேன்?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் நடந்தார்.

சித்திரை வெயிலில் தேவசகாயம் இறந்துபோனார். குடிநீர் டேங்க் ஆபரேட்டர். காலனிக்காரர். ஊரில் எந்தக் குழாயில் தண்ணீர் வந்தாலும் அது அவர் வால்வைத் திறந்து வந்த தண்ணீர். புதுச் சாலையில் அதற்குள் கிராவல் கொட்டி உருட்டியிருந்தார்கள். கல்லறை வாசல் வரைக்கும் செம்மண் நிறத்தில் நேராகக் கிடந்தது. வாய்க்கால் பக்கம் சுவரும் எழும்பிவிட்டது.

காலையில் அம்மணி எனக்கு போன் செய்தார். "ஸ்டேசனுக்குச் சொல்லிட்டேன், ரெண்டு பேர அனுப்பறேன்னாங்க. நீங்க வரணும்னு இல்ல நயினாரே. நீங்க கவர்மெண்டு ஆளு, ஒங்களுக்கு எதுக்கு வம்பு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

உபதேசியார் ஜெபம் முடித்தார். பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் ஒரு சிலுவை, பின்னால் சனங்கள். காலனி முனையில் சாலை இரண்டாகப் பிரியும். கிழக்கே போனால் வாய்க்கால் கரை, நேராகப் போனால் ஊர்த்தெரு. அங்கே வந்ததும் சுமந்தவர்களின் கால் தானாகக் கிழக்கே திரும்பியது. சுவர் இருப்பது அவர்களுக்குத் தெரியும், நேற்றே பேசி வைத்ததும் தெரியும், ஆனாலும் கால் அந்தப் பக்கம்தான் போனது. அம்மணி நிற்காமல் நேராக நடந்தார். சவுரியம்மாள் அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். பெட்டி ஒரு நிமிஷம் அங்கேயே நின்றுவிட்டு அவர்கள் பின்னால் திரும்பியது.

ஊர்த்தெருவுக்குள் நுழைந்தோம். சில கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. சில வீட்டுப் பெண்கள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார்கள். ஒரு அம்மா, "யாரு, டேங்க்குக்காரரா? அடப்பாவமே" என்று சொன்னது கேட்டது. போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் கோயில் பக்கம் பைக்கை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கல் எடுக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. நடக்கிற சத்தமும் பாட்டும் மட்டும்தான்.

பாதித் தெரு தாண்டியபோது கோதண்டபாணி வீட்டிலிருந்து இறங்கி வந்து தெரு நடுவில் நின்றார். மேல்துண்டு தோளில் இருந்தது. அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். சிலுவை பிடித்திருந்தவர் தயங்கினார். அம்மணி அவரைத் தாண்டி முன்னால் போனார்.

"இன்னா தலைவரே இது? வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் கோதண்டபாணி. குரலில் கோபத்தைவிட மனத்தாங்கல்தான் அதிகம்.

"இதுல கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார் அம்மணி. "கொஞ்சம் ஓரமா வாங்க. தேவசகாயம் வர்றாரு."

கோதண்டபாணி அம்மணியைப் பார்த்தார், பின்னால் வந்துகொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு ஓரமாகப் போனார்.